சிவப்பு நூல் முடிப்பு

மங்கையர்க்கரசி அம்மாவிடம் சீடராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியும், சடகோபனை அவர் ஒருமுறைகூட மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அம்மாவுக்கு வயது நாற்பத்தேழு. சடகோபனுக்கு அறுபத்தொன்று. டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரைக் குரு என்று கும்பிடுவதில் அவருக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. அவரை உறுத்தியது வேறு.

வருடா வருடம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் அம்மா சீடர்கள் சிலரோடு மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் போவார். புல்வெளியில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவார்கள். இரண்டாம் நாள் விடிந்ததும் ஒரே ஒரு சீடரை அழைத்துக்கொண்டு உச்சிக்கு ஏறுவார். ஒரு நாளைக்கு இரண்டு பேர், கூட ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான் அனுமதி. மேலே உட்கார்ந்துவிட்டு மதியத்துக்கு மேல் இறங்குவார்கள். அங்கே என்ன நடந்தது, அம்மா என்ன சொன்னார் என்று போய்வந்தவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது அம்மாவிடம் இருக்கும் வழக்கம்.

சடகோபன் கீழே கூடாரத்துக்குக் காவல். கஞ்சி வைப்பார், காற்றில் அணைந்து அணைந்து போகும் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டுவார். முக்கியமாக, அட்டை கடிக்காமல் இருக்க மருந்து செய்வார்.

உச்சிக்குப் போகும் பாதை ஒரு சோலைக்குள் நுழைந்து போகிறது. மழைக்குப் பிறகு அங்கே இலைக்கு ஒரு அட்டை காத்திருக்கும். சடகோபன் புகையிலையை இடித்து, உப்புச் சேர்த்து, தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்து, துணியில் இரண்டு முடிப்பாகக் கட்டித் தருவார். எண்ணெய் கசியும் அந்த முடிப்பைக் காலில் தேய்த்தால் அட்டை கிட்டே வராது. இந்தப் பதினோரு வருடத்தில் அவர் முடிப்போடு போன யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் போனதில்லை. அதில் அவருக்கு ஏகப் பெருமை. பெருமை இருந்து என்ன, அந்தச் சோலைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

இந்த வருடம் அம்மாவோடு வந்தது இரண்டே பேர். சடகோபனும் ஜெசிந்தாவும்.

ஜெசிந்தா மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அம்மாவிடம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சுக்கு அம்மா வாய்விட்டுச் சிரிப்பார். பதினோரு வருடத்தில் தன் பேச்சுக்கு அம்மா எத்தனை தடவை சிரித்தார் என்று சடகோபன் யோசித்துப் பார்த்தார். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது.

ஆனாலும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. நாலு மாதத்துக்காரி எங்கே, தான் எங்கே. புது கேன்வாஸ் ஷூகூட வாங்கி வந்திருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அம்மா சொன்னார்.

“நாளைக்கு ஜெசிந்தா வரட்டும்.”

சடகோபனின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

“அம்மா, நான்?”

“நீங்க மருந்து கட்டுங்க.”

வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை, குடித்த டீ உள்ளே கொதித்தது. ஜெசிந்தா சந்தோஷத்தில் குழந்தைபோலக் கை தட்டினாள். அந்தக் கைத்தட்டலை அவரால் தாங்க முடியவில்லை.

“சார், எனக்கு அட்டைன்னா உயிரே போயிடும். நல்லா காரமா கட்டிக் குடுங்க சார்” என்றாள்.

“கட்டறேன்மா. உனக்குன்னு தனியாவே கட்டறேன்” என்றார் சடகோபன்.

சொன்னபடியே கட்டினார். அம்மாவுக்கு வழக்கமான மருந்து, வெள்ளை நூல். ஜெசிந்தாவுக்கு டீ வடித்த சக்கை. எண்ணெயில் பிசைந்தால் பார்வைக்குப் புகையிலையேதான். வாசனைக்கு மேல் துணியில் மட்டும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி தடவினார். சிவப்பு நூல். முடிச்சை நன்றாக இறுக்கினார். பாதி வழியிலேயே கத்திக்கொண்டு ஓடி வருவாள், வரட்டும் என்றுதான் இருந்தது.

விடிந்ததும் வழிகாட்டி பொன்னன் வந்தான். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். சடகோபன் வெள்ளை நூலை அம்மா கையில் கொடுத்தார். சிவப்பு நூலை ஜெசிந்தா கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று பேரும் புல்வெளியைத் தாண்டிச் சோலைக்குள் மறைந்தார்கள்.

அவர் காத்திருந்தார். எட்டு மணி ஆயிற்று, பத்து மணி ஆயிற்று. யாரும் கத்திக்கொண்டு ஓடி வரவில்லை. கஞ்சி அடிப்பிடித்தது.

மூன்று மணிக்குப் பொன்னன் முதலில் வந்து சேர்ந்தான். பாறைமேல் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக் காட்டினான்.

“என்ன சார், இந்த வருஷம் ஒரு காலுக்கு மட்டும்தான் மருந்து வச்சீங்களா?”

அவன் இடது கால் சுத்தமாக இருந்தது. வலது காலில் ரத்தக் கோடுகள்.

சடகோபனுக்குப் புரியவில்லை. “நீயும் அதைத்தான் பூசினியா?”

“நான் எங்க பூசினேன்? எங்க மலையில சோலைக்குள்ள போறவன் தன் காலுக்குத் தானே பூசக் கூடாது சார். கூட வர்ற ஆளு காலுக்குத்தான் பூசணும். வாசல்ல நின்னு மாத்தி மாத்திப் பூசிக்கிட்டுத்தான் உள்ள போவோம். இடது காலுக்கு அம்மா பூசுனாங்க. வலது காலுக்கு அந்தப் பொண்ணு.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு அந்தப் பொண்ணு பூசிச்சு. அந்தப் பொண்ணுக்கு அம்மா. வருஷா வருஷம் அப்படித்தானே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பதினோரு வருடமாக மருந்து கட்டியவருக்கு அது எப்படிப் பூசப்படுகிறது என்று தெரியாது.

அப்போது அவர்கள் சோலையை விட்டு வெளியே வந்தார்கள். ஜெசிந்தா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கால் பளிச்சென்று இருந்தது. முகம் மட்டும் வாடியிருந்தது.

“சார், அம்மா காலைப் பாருங்க சார்! நான் சரியாத் தேய்க்கலையோ என்னவோ. எடுத்து விடறேன்னா வேண்டாங்கறாங்க. கீழ போய்ப் பாத்துக்கலாம்னுட்டாங்க” என்று அழாத குறையாகச் சொன்னாள்.

“நல்லாத்தான் தேய்ச்ச. போ, போய்க் கஞ்சி குடி” என்றார் அம்மா.

அவள் போனாள். பொன்னனும் எழுந்து போனான். அம்மா பாறைமேல் உட்கார்ந்து புடவையை முழங்கால்வரை வழித்துவிட்டுக்கொண்டார். திராட்சைக்குலைபோல அட்டைகள் தொங்கின.

சடகோபன் உப்புப் பொட்டலத்தோடு எதிரே மண்டியிட்டார். பிடுங்கினால் புண்ணாகும், உப்பு வைத்தால் தானே விழும். ஒவ்வொன்றின் மேலும் வைத்தார். அட்டை விழுந்த இடத்தில் எல்லாம் ரத்தம் நிற்காமல் கசிந்தது.

ஏழெட்டு விழுந்த பிறகு சொன்னார்.

“அம்மா, அது மருந்து இல்ல. டீச்சக்கை.”

“தெரியும்.”

“எப்போ தெரிஞ்சுது?”

“வாசல்லயே. அவ தேய்ச்சதுமே. புகையிலைன்னா தோல்ல சுரீர்னு பிடிக்கும். இது சும்மா வழவழன்னு இருந்துச்சு.”

“அவகிட்டச் சொன்னீங்களா?”

“எதுக்கு? அந்தப் புள்ள கண்ணுல ஒத்திக்கிட்டு வந்து தேய்க்குது.”

“உங்க கையில நல்ல மருந்து இருந்துச்சே அம்மா. அதையாவது நீங்க தேய்ச்சிருக்கலாமே.”

“என் கையில இருந்தது அவ காலுக்கு.”

சடகோபன் உப்பு வைப்பதை நிறுத்திவிட்டார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“அது அவளுக்குன்னு கட்டினது அம்மா. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறல. வந்து நாலே மாசம். நான் பதினோரு வருஷமா கீழயே உட்கார்ந்து பானையைக் கிளறிக்கிட்டு இருக்கேன். மேல போற ஒவ்வொருத்தர் முதுகையும் பார்த்துப் பார்த்து எரிஞ்சிருக்கேன். இந்தத் தடவை என்னால முடியல.”

அம்மா உப்புப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். அவர் மறுபடி வைக்க ஆரம்பித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு அந்த ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரியாமல் விட்டால் செத்தாலும் கட்டை வேகாது.

“கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கறேன். மேல அவளுக்கு என்ன சொன்னீங்க?”

“மேல போய் நானா எதுவும் சொல்றதே இல்லயே. வர்றவங்கதான் கேப்பாங்க.”

“அவ என்ன கேட்டா?”

“அழுதா.”

“அழுதாளா? ஏன்?”

“‘எங்களை எல்லாம் ஒரே ஒரு நாள் காலையில கூட்டிட்டு வர்றீங்க, அதோட முடிஞ்சுபோச்சு. சடகோபன் சாரைத்தான் வருஷா வருஷம் கூடவே வச்சிருக்கீங்க. அவர் கட்டின முடிப்பை நீங்க ஒரு நாளும் பிரிச்சுப் பார்த்ததில்லன்னு பொன்னன் சொல்றான். எனக்கு வயிறு எரியுது அம்மா. அந்த இடம் எனக்கு எப்போ கிடைக்கும்?’னு கேட்டா.”

சடகோபன் கையில் இருந்த உப்பு கீழே கொட்டியது.

கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

அம்மா அடுத்த காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

“அந்த இடம் காலியா இல்லம்மான்னு சொன்னேன்.”