கருவாட்டு வாசக் காசு

முன்னொரு காலத்தில் வயல்நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் யார் ஓதினாரோ, அவர் சொன்னதுதான் வேதம். அவனுடைய மந்திரி குழந்தையாண்டி, பக்கத்திலிருந்த மலைநாட்டோடும் கடல்நாட்டோடும் பேசி, மூன்று நாட்டுக்கும் ஒரே காசு என்று ஏற்பாடு செய்திருந்தார்.

ஓர் ஆவணியில் தலைநகரக் கடைத்தெருவில் காசே கண்ணில் படவில்லை. நாணயச்சாலைத் தலைவர் விருத்தகிரிக்குக் கொண்டாட்டம். மந்திரி மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

“மகாராஜா! ஜனங்கள் காசைப் புதைத்துவிட்டார்கள். மூன்று நாட்டாருக்கு எப்போது எவ்வளவு காசு வேண்டுமென்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வீடுவீடாகத் தரையைத் தோண்டுவோம். புதுக்காசும் இருமடங்கு அடிப்போம்!”

“தோண்டும்!” என்றான் ராஜா.

குழந்தையாண்டி விளைவை எண்ணிப் பார்த்தார். ஏழைகளின் வீடெல்லாம் குழியாகிவிடும். காசு பெருத்தால் நெல்விலையும் எகிறும்.

“தை வரை பொறுங்கள், பிரபு. போன காசு தானே திரும்பும். திரும்பாவிட்டால் என் வீட்டைத் தோண்டி, அந்தக் குழியிலேயே என்னையும் போட்டு மூடுங்கள்.”

“மந்திரி கொஞ்சம் பருமன். குழி அகலமாக இருக்கட்டும்,” என்றார் விருத்தகிரி.

தை பிறந்தது. கடைத்தெருவில் காசு குலுங்கியது.

விருத்தகிரி விடுவாரா? “தோண்டுவோம் என்ற பயத்தில் ஜனங்களே எடுத்துவிட்டார்கள்!”

குழந்தையாண்டி ஒரு கை காசை அள்ளி நீட்டினார். “முகர்ந்து பாருங்கள், பிரபு.”

ராஜா முகர்ந்தான். “சீச்சீ, கருவாடு!”

“புதைத்த காசில் மண்வாசம் அல்லவா வரும்? ஆவணியில் கடல்நாட்டில் மீன் குவிந்தது. நம்மவர்கள் வாங்கினார்கள், காசு அங்கே போனது. இப்போது இங்கே அறுவடை. அவர்கள் நெல் வாங்க வந்திருக்கிறார்கள். அடுத்து மிளகு வாங்கக் காசு மலையேறும், சித்திரையில் மலைநாட்டார் சாமான் வாங்க வரும்போது இறங்கும். ஒரு நாட்டை மட்டும் பார்த்தால் காசுத் தேவை ஏறும், இறங்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மாதமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.”

“சித்திரையில் இறங்குமாம்! யார் கண்டது?” என்றார் விருத்தகிரி.

“நீரே காணும்,” என்றான் ராஜா. “இனி கடைத்தெருவில் உட்கார்ந்து, வருகிற காசையெல்லாம் முகர்ந்து பார்ப்பதுதான் உமக்கு உத்தியோகம்.” தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

சித்திரையில் ஒருநாள் சபை கூடியிருந்தது. கடைத்தெருப் பக்கமிருந்து தும்மல் கேட்டது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக, அரண்மனைப் புறாக்களெல்லாம் பறந்தோடும்படி.

ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டான். “மந்திரியாரே, மிளகுக் காசு இறங்கிவிட்டது!”