தண்ணீர் ஊற்றாத பத்து நாள்

"அக்கா, என்னை லீடர் பொறுப்புல இருந்து எடுத்துருங்க."

சாலோமி அக்கா நாற்றுப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தார். கல்லூரித் தோட்டம் அவர் பொறுப்பு. நிமிரவில்லை.

"ஏன் பியூலா?"

"ஜூனியர்ஸ் பத்து பேரும் பத்து தினுசு. நான் சொன்னாத்தான் மண்வெட்டியைத் தொடுறாங்க. காலை ஜெபத்தைக்கூட நான்தான் ஆரம்பிக்கணும். திங்கட்கிழமை நான் கிராமப் பயிற்சிக்குப் போறேன். திரும்பி வர மூணு மாசம். தோட்டம் என்னாகும்? அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல கொண்டுபோய் வைக்க ஒரு கத்தரிக்காய் தேறாது."

சொன்னவளுக்குக் கண் கலங்கியது. மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துப் பார்த்த தோட்டம், கலங்காமல் என்ன செய்யும்?

அக்கா எழுந்து கை மண்ணைத் தட்டினார்.

"நாளைக்குக் கத்தரி நடவு. உன் பாத்தி நாத்தும் நடு, என் பாத்தி நாத்தும் நடு."

இரண்டும் ஒரே நாளில் விதைத்தவை. பியூலாவின் நாற்று தளதளவென்று ஒரு சாணுக்கு மேல் உயரம். காலையும் மாலையும் அவளே தண்ணீர் ஊற்றினாள், யாரையும் நம்பாமல். அக்காவின் நாற்று கட்டை குட்டையாக, கருத்துப்போய் நின்றது.

பியூலாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் விடியலில் நட்டார்கள். மத்தியானம் வந்து பார்த்தாள். அவள் நாற்றெல்லாம் படுத்துவிட்டது. அக்காவின் நாற்று நின்றது.

"என்ன போட்டீங்க அக்கா?"

"ஒண்ணும் போடலை."

"பின்னே?"

"பத்து நாளா தண்ணியும் ஊத்தலை. காஞ்சு பழகிருச்சு."

பியூலா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் வருஷம், சபை ஐயரும் ஊர் விவசாயிகளும் வந்திருந்தப்ப, என்னை ஜெபம் பண்ணிப் பேசச் சொல்லிட்டு நீங்க காணாமப் போயிட்டீங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு எனக்கு. அன்னைக்கு மனசுக்குள்ள உங்களைத் திட்டாத திட்டு இல்லை."

"தெரியும்."

"இப்ப எத்தனை பேர் முன்னாடியும் பேசுறேன். அதுக்கு உங்களுக்கு நன்றியே சொல்லலை அக்கா. கர்த்தருக்குச் சொன்னேன், உங்களுக்குச் சொல்லலை."

"போய்ச் சாப்பிடு," என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை ஜூனியர்கள் பத்து பேரும் கைகூப்பி நின்றார்கள், பியூலா அக்கா ஆரம்பிக்கட்டும் என்று. ஆளைக் காணோம்.

பியூலா மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களிடம் போய்விடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தாள்.

அப்போது ஒரு குரல் எழும்பியது. ஜூனியர்களில் யாரிடமும் பேசாத கிதியோன். திக்கித் திக்கி, "எங்கள் பரலோகப் பிதாவே..."

பியூலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தோளை யாரோ இடித்தார்கள். திரும்பினாள். சாலோமி அக்கா, தலையில் முக்காடு.

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார் மெல்ல. "மூணு வருஷமா இது நான் நிக்கிற இடம்."