கூட்டத்துக்கு முதுகு காட்டிய காட்டெருது

நாணற்குளத்துக்கு நரிதான் தலைவர். பல கோடைகளாக அதுதான்.

தண்ணீர் குடிக்க வந்த குட்டிகள் சில வீடு திரும்பவில்லை. கேட்டால், “வழி தவறியிருக்கும், வந்துவிடும்” என்று நரி சொல்லும். ஒன்றும் வரவில்லை. நாணலுக்குள் செந்நாய்கள் பதுங்கியிருந்தன. அவை தின்று மிஞ்சியது நரிக்கு. இது நரிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பெண்மானுக்கு இரண்டு குட்டிகள். ஒன்று போய்விட்டது. இருந்த ஒன்றைக் கூட்டிக்கொண்டு அது மலை ஏறியது.

மலைமேல் முறிகொம்பன் என்ற கிழக் காட்டெருது மேய்ந்துகொண்டிருந்தது. முன்பு செந்நாய்ப் போரில் காட்டைக் காத்தது அதுதான். அப்போது ஒரு கொம்பு முறிந்தது. அந்த வீரத்துக்காக, உப்புமண்ணை முதலில் நக்கும் உரிமையை மந்தை அதற்குக் கொடுத்திருந்தது. குளத்து அரசியல் பக்கம் அது தலைவைத்துப் படுத்ததே இல்லை.

“மாமா, இந்தத் தேர்தலில் நீங்க நிக்கணும்” என்றது மான்.

“எனக்குப் பேச வராது.”

“நின்னா போதும்.”

முறிகொம்பன் மான்குட்டியைப் பார்த்தது. பிறகு மலையிறங்கியது.

குளக்கரையில் கூட்டம். முதலில் நரி பேசியது. “முயலக்கா, முழங்கால் வலி தேவலையா? தம்பி முள்ளம்பன்றி, இளைச்சுட்டியே!” எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தது. எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது.

அடுத்து முறிகொம்பன் வந்தது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, நாணலைப் பார்த்தபடி நின்றது.

மரத்திலிருந்த குரங்கு சிரித்தது. “பெரியவரே, ஓட்டு இந்தப் பக்கம் இருக்கு.”

“தெரியும்.”

“வாலைக் காட்டி ஓட்டு கேட்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றது நரி. கூட்டமே சிரித்தது.

கிழட்டு முயல் மட்டும் சிரிக்கவில்லை. தத்தித் தத்தி முன்னே வந்தது.

“இந்த முதுகு எனக்குத் தெரியும்” என்றது. “போர் நடந்தப்போ நாங்க பொடிசுங்க. எருதுகள் வெளிப்பக்கம் பார்த்து வட்டமா நின்னாங்க. நடுவில நாங்க. நல்ல மழை. வெளியே ஊளைச் சத்தம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த முதுகும் ஈ ஓட்டுற இந்த வாலும்தான். இதைப் பார்த்துக்கிட்டே தூங்கிப்போனேன். அந்த மாதிரித் தூக்கம் அப்புறம் வரவே இல்லை. இவர் முகத்தை இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்லை.”

அன்று வட்டத்துக்குள் இருந்தவை இன்னும் சில உயிரோடு இருந்தன. ஈர மண்ணும் எருது வியர்வையும் கலந்த அந்த வாசனை அவற்றின் நினைவுக்கு வந்தது.

இளவட்டங்களுக்கு அதெல்லாம் தெரியாது. “பழைய கதை போதும். குளத்துப் பாசியை யார் எடுப்பாங்க? யார் முதல்ல குடிக்கிறது?” என்று ஒரு கடமான் கேட்டது.

“எனக்குத் தெரியாது. குளத்திலேயே கிடக்கிற ஆமைக்குத் தெரியும், அதைக் கேளுங்க” என்றது முறிகொம்பன். “நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இப்படி நிப்பேன். அவ்வளவுதான்.”

“தெரியாதாம்! இவருக்கா ஓட்டு?” என்றது நரி.

யாருக்கு ஆதரவோ அவர் பக்கத்துக் கரையில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதுதான் அங்கே ஓட்டு.

பெண்மான் குட்டியோடு முறிகொம்பனுக்குப் பின்னால் போய்க் குனிந்தது. குட்டியை இழந்த நாளிலிருந்து அது ஒரு மடக்குக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் குடிக்கும். இப்போது தூக்கவே இல்லை. வயிறு நிறையக் குடித்தது.

நாணல் அசைந்தது. முறிகொம்பன் ஒருமுறை சீறிக் கொம்பைத் தாழ்த்தியது. செந்நாய்கள் எதிர் மேட்டில் ஏறி ஓடின. எல்லோரும் பார்த்தார்கள்.

“அடடா, நாய்களா? எனக்குத் தெரியாதே” என்றது நரி. குட்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மான் பக்கத்தில் போய்க் குனிந்தார்கள். கேள்வி கேட்ட கடமானும் போனது.

குரங்குகள் நரிக்குத்தான் போட்டன. மரத்தில் இருப்பவர்களுக்குச் செந்நாயைப் பற்றி என்ன கவலை?

நரி தோற்றது. பாசியை ஆமை பார்த்துக்கொண்டது. அந்தக் கோடையில் ஒரு குட்டியும் காணாமல் போகவில்லை.

நம் முகம் பார்த்துச் சிரிப்பவனைவிட, நமக்கு வரும் ஆபத்தைப் பார்த்து நிற்பவனே தலைமைக்குத் தகுந்தவன்.