பொய் ஆறு செய்தவர்

கூழையாற்றில் வெள்ளம் வருவதை முன்கூட்டிச் சொல்ல ஒரு நிரல் எழுதினார்கள். ஆற்றோரம் வைக்கப்போகும் ஏழு கருவிகள் நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்பும். நிரல் அந்த அளவுகளை வந்தவுடனே பார்த்து, ஆபத்து என்றால் சேந்தன்படுகை ஊரில் சங்கை ஊதவிடும்.

கருவிகள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே நிரலைச் சோதித்துப் பார்க்க, கருவிகளைப் போலவே அளவுகளை அனுப்பும் ஒரு பொய் ஆறு தேவைப்பட்டது. அதைச் செய்யும் வேலை ஞானசிகாமணிக்கு வந்தது.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு இந்தத் தொழிலைப் புதிதாகக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த பூங்கோதைக்கு முப்பத்துமூன்று. அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

ஒரு வாரத்தில் ஞானசிகாமணி வேலையை முடித்தார்.

“நூறு வெள்ளம் அனுப்பிப் பார்த்தேன் மேடம். சங்கு ஊதணும்னு நூறு தடவையும் சரியாச் சொல்லிச்சு.”

பூங்கோதை திரையில் ஓடிய எண்களைப் பார்த்தார். நிமிடத்துக்கு ஒன்று. வரிசை மாறவில்லை. ஒன்றுகூடத் தவறவில்லை.

“ரொம்ப ஒழுங்கா இருக்கு.”

“நன்றி மேடம்.”

“கூழையாத்தைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“பஸ்ல போகும்போது.”

“நாளைக்குப் பாலத்துக்குக் கீழே போய் உட்காருங்க. தூண்ல அடிக்கணக்குக்குக் கோடு போட்டிருக்கும். காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி எத்தனை அடின்னு எனக்கு மெசேஜ் போடுங்க. நாளைக்கு நீங்கதான் கருவி.”

“எதுக்கு மேடம்?”

பூங்கோதை அடுத்த வேலைக்குத் திரும்பியிருந்தார்.

மறுநாள் பாலத்துக்கு அடியில் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு சிக்னல் போயிற்று. அனுப்பியது போனதா என்று தெரியாமல் ஞானசிகாமணி திரும்பவும் அனுப்பினார். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று மிதந்து வந்து தூணில் ஒட்டிக்கொண்டு கோட்டை மறைத்தது. முன்பு பார்த்த எண்ணையே போட்டார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். சேந்தன்படுகைக்காரி, பேர் பேச்சித்தாய்.

“என்ன சார், ஆத்தைப் பார்த்துப் பார்த்து போன்ல என்னமோ அடிக்கீங்க?”

“வெள்ளம் வந்தா உங்க ஊர்ல சங்கு ஊதும்மா. அதுக்குத்தான் இது.”

“ஊதினா பிள்ளைகளைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு தடவை சும்மா ஊதுச்சுன்னா, மூணாந்தடவை யாரு சார் ஓடுவா?”

பேசி முடித்தபோது இரண்டு அளவுகள் விட்டுப்போயிருந்தன. குத்துமதிப்பாக இரண்டையும் சேர்த்து அனுப்பினார்.

மாலையில் பூங்கோதை அத்தனை மெசேஜையும் வந்த வரிசைப்படியே ஒரு தாளில் எடுத்து அவர் முன் வைத்தார்.

“நாற்பத்துமூணு வரணும். ஐம்பத்தொண்ணு வந்திருக்கு.”

“போச்சா இல்லையான்னு தெரியல. திரும்பப் போட்டேன்.”

“பதினொண்ணு பத்துக்குப் பார்த்தது, பன்னெண்டு மணி அளவுக்குப் பின்னாடி வந்திருக்கு.”

“சிக்னல் இல்ல மேடம்.”

“இங்க பதினாலு அடி. முன்னாடியும் நாலு, பின்னாடியும் நாலு.”

“கை தவறி ஒண்ணு கூட விழுந்திருக்கும்.”

“இந்த ஆறு அடி?”

ஞானசிகாமணி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். பன்னிரண்டு நாற்பது, ஆறு அடி. அடுத்தது மறுபடி நாலு. தண்ணீர் நிஜமாகவே ஏறி இறங்கியதா? கோட்டைத் தப்பாகப் பார்த்தாரா? நினைவில் எதுவும் இல்லை.

“தெரியல மேடம்.”

“நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“அங்கயேதான் இருந்தேன்.”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருடம் எண்களோடு வாழ்ந்தவருக்கு, தானே எழுதிய எண் ஒன்று யாரோ எழுதியதுபோல் இருந்தது.

“ஒண்ணும் புரியல மேடம். இதுல நிஜம் எதுன்னு எனக்கே தெரியல. அப்புறம் நான் எதைப் பார்த்து ஆறு செய்யறது?”

“நிஜத்தை அனுப்ப வேண்டாம் சார். இன்னைக்கு நீங்க அனுப்பின மாதிரி உங்க பொய் ஆறும் அனுப்பட்டும்.”

இரண்டு நாள் உட்கார்ந்து பொய் ஆற்றை மாற்றினார். அது இப்போது சில அளவுகளைத் தொலைத்தது. சிலதை இரண்டு முறை அனுப்பியது. பழையதைப் புதியதற்குப் பின்னால் அனுப்பியது. எப்போதாவது காரணமே இல்லாமல் நாலு அடிக்கு நடுவே ஒரு ஆறு அடியோ பதினாலு அடியோ சொன்னது.

மறுபடி நூறு வெள்ளம் விட்டுப் பார்த்தார். வெள்ளமில்லாத நாட்களையும் விட்டுப் பார்த்தார். பூங்கோதையிடம் வந்தபோது ஞானசிகாமணியின் முகம் கறுத்திருந்தது.

“ஆறு சும்மா கிடந்த நாள்ல பதினேழு தடவை ஊதிச்சு. வெள்ளம் வந்தப்ப ஒன்பது தடவை ஊதவே இல்ல.”

பூங்கோதை இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார்.

“பழைய ஆத்தையே வச்சிருக்கலாம் மேடம். முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடின புரோகிராம். நான்தான் கெடுத்துட்டேன்.”

“எப்ப கெட்டுச்சு சார்? நீங்க மாத்தினது ஆத்தை மட்டும்தானே, புரோகிராமை இல்லையே?”

ஞானசிகாமணி புரோகிராமைத் திரையில் திறந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.