இன்னைக்கு ஒருநாள் மட்டும்

முட்டியும் தோள்பட்டையுமாகப் பதினெட்டு வருஷம் சொந்த கிளினிக்கில் ஓட்டிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் செல்வின் பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வுக்குப் பிசியோதெரபிஸ்டாக வந்துசேர்ந்தார். அங்கே அவருக்குக் குரு ஹசீனா. அவரைவிடப் பதினாலு வயது இளையவர். அதற்காகச் செல்வின் ஒருநாளும் முகம் கோணியதில்லை. வென்டிலேட்டர் குழாய் எடுத்த நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, கையைக் குவித்து நெஞ்சில் தட்டுவது, இருமவைத்துச் சளியை வெளியே கொண்டுவருவது என்று எல்லாமே ஹசீனா கற்றுக்கொடுத்ததுதான்.

ஏழாவது படுக்கையில் பட்டமுத்து என்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். நிமோனியா. பத்து நாள் வென்டிலேட்டரில் கிடந்து, குழாய் எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒருவேளைகூடத் தப்பாமல் அவரை உட்காரவைத்து இருமவைக்கணும் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஹசீனா லீவில் போனார்.

செல்வின் பக்கத்தில் போனதுமே பட்டமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டிருங்க சார். உடம்பெல்லாம் ரணமா வலிக்குது."

காலையிலும் அதே கும்பிடு, சாயங்காலமும் அதே கும்பிடு. செல்வினுக்கு மனசு கேட்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, நோயாளி சம்மதிக்கவில்லை என்று சார்ட்டில் எழுதினார். பார்க்க வந்திருந்த பட்டமுத்துவின் மனைவி கோமு, நீங்க தங்கமான மனுஷர் சார் என்று கண்கலங்கினார். வீடு போய்ச் சேருகிறவரை செல்வினுக்கு உச்சி குளிர்ந்திருந்தது, பாவி மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டமுத்துவுக்குச் சளி அடைத்து மூச்சு முட்டியது. மறுபடி குழாய் போட்டார்கள். வியாழக்கிழமை பட்டமுத்து போய்விட்டார்.

வராந்தாவில் கோமு செல்வினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஆளாளுக்கு அவரைப் போட்டுப் படுத்தினாங்க, அவர் சொன்னதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் என்றார். கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால்கூடச் செல்வின் தாங்கியிருப்பார். அந்த நன்றியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேராக ஹசீனாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"பாவம் பார்த்தது தப்பா மேடம்?"

ஹசீனா காலியாகிக் கிடந்த ஏழாவது படுக்கையைக் காட்டினார்.

"மல்லாக்கப் படுங்க சார்."

செல்வின் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

"இருமுங்க."

இருமினார். தொண்டையோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றார். அதுவும் அப்படித்தான்.

ஹசீனா அவரைத் தூக்கி உட்காரவைத்துக் காலைக் கீழே தொங்கவிட்டார். வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணையைக் கொடுத்தார்.

"இப்ப இருமுங்க."

அடிவயிற்றிலிருந்து வந்த இருமலில் அந்தக் கோடியில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் மேடம்."

"ஆமா சார். அன்னைக்கு இந்தக் கட்டில்கிட்ட இருந்த மூணு பேர்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

செல்வின் தலையணையை விடவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அந்தம்மா என்னைத் தங்கம்னு சொன்னாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு மேடம்."

ஹசீனா அவர் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கசங்கிய விரிப்பை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"இங்கேயிருந்து வீட்டுக்கு நடந்து போன அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கிட்டேதான் போனாங்க சார். ஒரே ஒரு அம்மாதான் என்னையும் தங்கம்னு சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் இங்கேயிருந்து நடந்து போகலை."