மேல்தாடை பழைய பதிப்பு, கீழ்த்தாடை புதிய பதிப்பு

பாளையங்கோட்டையில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர்கூட இந்தக் கதையில் வரமாட்டார். வருகிறவர்கள் நான்கு பேர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓர் அச்சாபீஸ் மாடியில் கூடி ‘கரும்பாறைக் கோட்டை’ என்ற ஆட்டம் ஆடுகிறவர்கள். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னைப் பாவித்துக்கொண்டு, “நான் வெட்டுதேன், நான் குதிக்கேன்” என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்து, வெட்டு விழுந்ததா, கால் முறிந்ததா என்று நடுவர் சொல்லுவார். நாற்பதை நெருங்கும் ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை செய்கிற மற்ற காரியங்களோடு ஒப்பிட்டால், இது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

நடுவர் ஐயம்பெருமாள்தான் அச்சாபீஸ் முதலாளி. அச்சில் வந்த எதையும் அவர் சந்தேகப்பட்டது கிடையாது. அவர் அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றில் முகூர்த்தம் முப்பத்திரண்டாம் தேதி என்று விழுந்துவிட்டபோது, அந்தத் தேதிக்கு மண்டபம் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்க ஆள் அனுப்பியவர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இசக்கியப்பன் ஆட்டத்தில் மந்திரவாதி. டிரில் மாஸ்டர் ராயப்பன் திருடன். நான்காமவன் நம்பிராஜன், மருந்துக்கடைக்காரன். ஆட்டத்தில் அவன் இடும்பவர்மன் என்கிற வாள்வீரன்.

நம்பிராஜனுக்கு வயது முப்பத்தெட்டு. தாய் தகப்பன் இல்லை. பதினோரு பெண் பார்த்தாகிவிட்டது, பதினோரு வீட்டிலும் காப்பி மட்டும்தான் கிடைத்தது. பன்னிரண்டாவதாகப் பெருமாள்புரத்துச் செண்பகவல்லியின் ஜாதகம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, இருமல் மருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவன் பேதி மருந்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி யாருமே வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டான். பெண்ணின் அப்பா வேலாயுதம், பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். நாலு மணிக்கே பெரியவங்களோட வந்திருங்க.”

பெரியவர்களுக்கு நம்பிராஜன் எங்கே போவான்? அவனுக்கு இருந்த பெரியவர்கள் மேலே சொன்ன மூன்று பேர்தான். கெட்ட காலம் என்பது வேறு ரூபத்தில் வரவேண்டிய அவசியமே இல்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டத்தின் புதிய பதிப்பும் வந்து சேர்ந்தது. போன வாரம் ஆட்டம் நின்றபோது இடும்பவர்மன் ஒரு டிராகனின் வாய்க்குள் இருந்தான். மேசைமேல் பிளாஸ்டிக் டிராகன், அதன் வாயில் கட்டைவிரல் அளவு வீரன், ஒரு வாரமாக அப்படியே. ஒரே ஒரு தடவை பகடையை உருட்டினால் விஷயம் முடிந்துவிடும். நம்பிராஜன் வெள்ளை வேட்டி சட்டையில், பவுடர் போட்டு, மத்தியானம் ஒரு மணிக்கே வந்து உட்கார்ந்தான்.

ஐயம்பெருமாள் புதிய விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தார். “‘பழைய பதிப்பை மறந்துவிடுங்கள்.’ சரி, எல்லாரும் மறங்க.”

நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கால் மணி நேரம் போனது.

“மறந்தாச்சா?”

“மறந்துட்டேன் அண்ணாச்சி,” என்றார் இசக்கியப்பன்.

“எந்த விதியை மறந்தீரு?”

“பன்னிரண்டாம் விதி. மந்திரவாதி கவசம் போடக்கூடாதுங்கது.”

“அதான் ஞாபகம் இருக்கே வே! நல்லா மறந்துட்டுச் சொல்லும்.”

இசக்கியப்பன் மறுபடியும் கண்ணை மூடினார். இந்த முறை குறட்டை வந்தது. எழுப்பிக் கேட்டால் தன் வீட்டு விலாசத்தை மறந்திருந்தார், பன்னிரண்டாம் விதி மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது. மறக்கிற வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

“அண்ணாச்சி, நாலு மணிக்குப் போவணும். பகடையை உருட்டிருவோமே,” என்றான் நம்பிராஜன்.

“உருட்டலாம்ல. எத்தனை விழுந்தா தப்பிப்ப? பழைய பதிப்புல பதினஞ்சு. புதுசுல பதினொண்ணு போதும்.”

“அப்போ புதுசையே வச்சிக்கிடுவோம்!”

ராயப்பன் கையை உயர்த்தினார். டிரில் மாஸ்டர் என்பதால் எழுந்து விறைப்பாக நின்றுதான் எதையும் பேசுவார். “அது எப்படி முடியும்? டிராகன் வாயைத் திறந்தது பழைய பதிப்புல. மூடப்போறது புதுப் பதிப்புல. வாய் எதுல சேரும்?”

கேள்வி ஆழமானதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஐயம்பெருமாள் டிராகனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேல்தாடை அசையாது, போன வாரம் எங்க இருந்துச்சோ அங்கேயே நிக்கி. அதனால அது பழைய பதிப்பு. இனிமே அசையப்போறது கீழ்த்தாடை. அது புதிய பதிப்பு.”

“அப்படின்னா இடுப்புக்கு மேல பதினஞ்சு, இடுப்புக்குக் கீழ பதினொண்ணா?” என்று கேட்டார் இசக்கியப்பன்.

“ரெண்டுக்கும் நடுவுல பன்னெண்டு விழுந்துச்சுன்னா?” என்றான் நம்பிராஜன்.

“கால் தப்பிச்சிரும்,” என்றார் ராயப்பன்.

காலை மட்டும் வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போக முடியாது என்று நம்பிராஜனுக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தான். அதில் நியாயம் இருக்கிறது என்று மூவரும் ஒப்புக்கொண்டு, வேறு வழி தேடிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஏழாம் பக்கத்தில் வழி இருந்தது. ‘பதிப்பு மாறும்போது, அதனால் பாதிக்கப்படும் அனைவரின் சம்மதத்தையும் பெறவும்.’

“எனக்குச் சம்மதம்!” என்று நம்பிராஜன் துள்ளினான்.

“உனக்குச் சம்மதம்தான். டிராகனுக்கு?”

டிராகனிடம் கேட்டார்கள். மூன்று முறை, மரியாதையாகவே கேட்டார்கள். பதில் இல்லை.

“வாயில ஆளை வச்சிக்கிட்டு எப்படிய்யா பேசும்?” என்று ராயப்பன் எரிச்சல்பட்டார். “முதல்ல அது இவனை முழுங்கணும், இல்ல துப்பணும். அப்புறம்தான் வாயைத் திறந்து சம்மதம் சொல்லும்.”

“முழுங்கவோ துப்பவோ பகடை உருட்டணும். பகடை உருட்ட எந்தப் பதிப்புன்னு தெரியணும். அதுக்கு டிராகன் சம்மதம் சொல்லணும்,” என்று இசக்கியப்பன் விரலை மடக்கி எண்ணினார். “மணி என்ன ஆச்சு?”

மணி மூன்றே கால். நம்பிராஜன் எழுந்தான். “நான் போறேன் அண்ணாச்சி. நீங்களும் கிளம்புங்க. வந்து பாத்துக்கிடுவோம்.”

“ஏல, உக்காரு!” ஐயம்பெருமாள் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். “‘ஆட்டம் பாதியில் நிற்கையில் எவரும் மேசையை விட்டு விலகக் கூடாது.’ அச்சுல இருக்கு பாரு.”

நம்பிராஜனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போட்டோவில் செண்பகவல்லி லேசாகத் தலையைச் சாய்த்திருந்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. நண்பர்கள் என்ன இருந்தாலும் நல்லவர்கள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களுக்கும் மனசு கேட்கவில்லை. மேசையை விட்டு நம்பிராஜன் விலகக் கூடாது என்றுதானே இருக்கிறது, மேசை நம்பிராஜனோடு வரக்கூடாது என்று எங்கே இருக்கிறது?

தேக்கு மேசை, எட்டடி நீளம். மாடிப்படியில் அதை இறக்கியபோது கைப்பிடிச் சுவரில் பாதியும் இசக்கியப்பனின் பல்லில் ஒன்றும் போய்விட்டன. லோடு ஆட்டோவில் மேசையைப் போட்டு, நான்கு பேரும் சுற்றிலும் உட்கார்ந்து, டிராகன் சாயாமல் ராயப்பன் பிடித்துக்கொள்ள, பெருமாள்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு ஐந்து.

மேசை வாசலில் நுழையவில்லை. அதனால் பெண்வீட்டார் தெருவுக்கு வந்தார்கள். வேலாயுதம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பின்னால் செண்பகவல்லி, காப்பித் தட்டோடு. போட்டோவைவிட அழகாக இருந்தாள். நம்பிராஜன் மேசையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“மாப்பிள்ளை யாரு?” என்று வேலாயுதம் கேட்டார்.

ஐயம்பெருமாள் டிராகனின் வாயைக் காட்டினார். “உள்ள இருக்காரு.”

வேறு ஒரு தகப்பனாராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார், கதையும் முடிந்திருக்கும். வேலாயுதம் முப்பத்தாறு வருஷம் பத்திரம் படித்தவர். எதையும் ஆதியிலிருந்து கேட்டு, புத்தகத்தை வாங்கி, முன்னட்டை முதல் பின்னட்டை வரை புரட்டினார். முகத்தில் பழைய களை வந்தது.

“இதுல குழப்பத்துக்கு என்ன இருக்கு? வாயைத் திறந்த தேதி போன ஞாயிறு. அன்னைக்கு எந்த விதி அமல்ல இருந்துச்சோ, அந்த விதியிலதான் முடிக்கணும். பதினஞ்சு.”

“டிராகன் சம்மதம்?” என்று இழுத்தார் ராயப்பன்.

“அது தரப்புல ஆட்சேபணை மனு வந்திருக்கா? வரல்லல்லா? அப்போ சம்மதம்தான்.”

மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நம்பிராஜன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். பகடையை எடுத்தான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான்.

“நான் வேணும்னா உருட்டட்டுமா?” என்றாள் செண்பகவல்லி, காப்பித் தட்டை மேசையில் வைத்துவிட்டு.

அந்தக் குரலுக்காக நூறு டிராகன் வாய்க்குள் போகலாம் என்று நம்பிராஜன் நினைத்தான். பகடையைக் கொடுத்தான். அவள் உருட்டினாள். மேசை முழுக்க ஓடி, காப்பித் தம்ளரில் மோதி, நின்றது.

பதினான்கு.

“புதுப் பதிப்பா இருந்தா பொழச்சிருப்பான்,” என்றார் ஐயம்பெருமாள். பிளாஸ்டிக் டிராகனின் வாயை மெதுவாக மூடினார்.

நம்பிராஜன் தேறிக்கொண்டான். நாலு வருஷம் வளர்த்த வீரன் போய்விட்டான், வருத்தம்தான். ஆனால் ஆட்டம் முடிந்தது, இனி கல்யாணம் பேசலாம். “மாமா, நம்ம விஷயம்...” என்று ஆரம்பித்தான்.

“ஒரு நிமிஷம். செத்தது யாரு?” என்றார் வேலாயுதம்.

“இடும்பவர்மன்.”

“இவன்தான் இடும்பவர்மன்,” என்றார் இசக்கியப்பன் கண்ணைத் துடைத்தபடி. “நாலு வருஷமா ‘நான் வெட்டுதேன், நான் குதிக்கேன்’னுதான் சொல்லுவான். ஒரு நாளாவது ‘அவன் வெட்டுதான்’னு சொல்லியிருப்பானா? இந்தக் கேஸ் எங்கிட்ட கிளெய்முக்கு வந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.”

“நான் இங்கதானே நிக்கேன்!” என்று அலறினான் நம்பிராஜன்.

“நிக்கிறது வேற தம்பி, பதிவு வேற,” என்றார் வேலாயுதம் இதமாக. “உசுரோட வந்து கவுண்டர்ல நின்னவங்களையே, நீங்க செத்துட்டீங்கன்னு நான் திருப்பி அனுப்பியிருக்கேன். செத்தவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?”

நம்பிராஜன் புத்தகத்தைப் பிடுங்கிப் பக்கம் பக்கமாகத் தேடினான். கடைசிக்கு முந்தின பக்கத்தில் கிடைத்தது. ‘இறந்தவர் மேசையை விட்டு விலகிவிட வேண்டும். விரும்பினால், யாருக்கும் அறிமுகமில்லாத புதிய ஆளாக வழியில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.’

மணி நான்கு இருபது. தெருமுனைக்கு ஓடினான். தலையைக் கலைத்து வேறு வகிடு எடுத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவன் மாதிரி நடந்துவந்து வாசலில் நின்றான்.

“யாரு தம்பி வேணும்?” என்றார் வேலாயுதம்.

“பொண்ணு பாக்க வந்திருக்கேன்.”

“மன்னிக்கணும். இப்பத்தான் எங்க வாசல்ல ஒரு மாப்பிள்ளை தவறிட்டாரு. பதினாறு கழியட்டும், பேசிக்கிடலாம். அவரோட பெரியவங்கதான் இவங்க. வந்தது வந்துட்டீங்க, ஒரு வார்த்தை துக்கம் கேட்டுட்டுப் போங்க.”

நம்பிராஜன் மேசையருகே போய்க் கையை நீட்டினான். ஐயம்பெருமாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விம்மினார்.

“தங்கமான பையன் தம்பி. இன்னும் கல்யாணம்கூட ஆகல.”