பளிங்கு மாளிகையில் ஒரு பூனைக்குட்டி

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாலே, காற்றைக் கட்டிவைக்கவும் ஆளைக் கல்லாக்கவும் தெரிந்தவர்கள் காடுகளில் குடியிருந்த காலத்திலே, பளிங்குராயன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் மாளிகை முழுக்கப் பளிங்கு. தூணும் பளிங்கு, சுவரும் பளிங்கு, தரையும் பளிங்கு. அந்தத் தரையைக் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். மூக்கு நுனியில் இருக்கிற மச்சம்கூடத் தெரியும். அதில் பொட்டு அழுக்குப் பட்டாலும் அவனுக்குப் பொறுக்காது. யாராயிருந்தாலும் மந்திரக்கோலை நீட்டி, "கல்லாய்ப் போ!" என்பான். அவ்வளவுதான், ஆள் கல்.

ஒரு நாள் அடைமழை. உப்பு விற்கப் போன முத்தையன் என்பவன் ஒதுங்க இடமில்லாமல் அந்த மாளிகைக்குள் நுழைந்துவிட்டான். காலெல்லாம் சேறு. இரண்டு அடி வைத்தான், மூன்றாவது அடி வைக்கவில்லை. கல்லாகி நின்றுவிட்டான்.

அவன் பெண்டாட்டி பெயர் அஞ்சலை. பெயருக்கு ஏற்ற மாதிரி எதற்கும் அஞ்சாதவள். போன புருஷன் வரவில்லையே என்று உப்புப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியில் கேட்டவர்கள் எல்லாரும் காட்டைக் கையால் காட்டினார்களே தவிர, கூட ஒருவரும் வரவில்லை. மாளிகை வாசலில் ஓடிய ஓடையில் காலை நன்றாகக் கழுவினாள், முந்தானையால் துடைத்தாள், உள்ளே போனாள்.

உள்ளே கூட்டம் கூட்டமாகக் கல் மனிதர்கள்! வளையல்காரர் ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய், குதிரைமேல் உட்கார்ந்தபடியே ஒரு ராஜா. அவர்கள் நடுவே முத்தையன், தலையில் வழிந்த மழைநீரை வழிக்கக் கை தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். அஞ்சலை அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "யாருய்யா இங்கே பெரிய மனுஷன்? வெளியே வா!" என்று கூப்பிட்டாள்.

பளிங்குராயன் வந்தான். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, வெள்ளைக் கோல்.

"இவர் என் வீட்டுக்காரர். மழைக்கு ஒதுங்கினது ஒரு குத்தமா? விட்டுடு."

"பெண்ணே! உயிருள்ளது எதுவும் அழுக்காக்காமல் இருக்காது. கல்தான் சுத்தம். அதனால்தான் எல்லாரையும் கல்லாக்கினேன்" என்றான் அவன்.

"சுத்தமா இருக்கச் சொல்லிக்கொடுத்தா எந்த உயிரும் கத்துக்கும்" என்றாள் அஞ்சலை.

மந்திரவாதி விழுந்து விழுந்து சிரித்தான். வெளியே மதிலோரம் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாயைத் தொலைத்த குட்டி. கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. பிடரியைப் பிடித்து அதைத் தூக்கிவந்து அவள் கையில் போட்டான்.

"இன்று அமாவாசை. பௌர்ணமி நிலா எழும் வரை இந்தக் குட்டி இந்த மாளிகைக்குள் இருக்கட்டும். தரையில் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள். ஜெயித்தால் எல்லாரையும் விட்டுவிடுகிறேன். தோற்றால் நீயும் கல், இதுவும் கல்."

"சரி. உன் கோல்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். ஒரு குட்டிப் பூனை, அதுவும் தாயில்லாப் பூனை, எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்கு நினைப்பு.

அஞ்சலை வாயகன்ற மண்தொட்டி ஒன்று கேட்டு வாங்கினாள். விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும், குட்டிக் கால் ஏற வேண்டுமே! ஓடைக்கரையில் மணல் அள்ளிச் சலித்து அதில் நிரப்பினாள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில் வைத்தாள். பால்சோற்றுக் கிண்ணத்தை எதிர் மூலையில் வைத்தாள். கறுப்பும் சிவப்புமாக இருந்த குட்டிக்குக் குந்துமணி என்று பெயரும் வைத்தாள்.

"இதோ பாரு குந்துமணி, பாடம் சின்னதுதான். தின்னதும் மணல், தூங்கி எழுந்ததும் மணல், ஆடி முடிச்சதும் மணல்!"

குந்துமணி அவள் விரலைக் கடித்தது.

முதல் நாள் பால் குடித்த குட்டி அவள் மடியில் ஏறிச் சுருண்டது. அஞ்சலை ஒரு கணம் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். மடி நனைந்தது.

"தோற்றாய்!" என்று பாய்ந்து வந்தான் பளிங்குராயன்.

"நனைஞ்சது என் சேலை. உன் தரை இல்லை. குனிஞ்சு பார்த்துக்கோ!"

குனிந்து பார்த்தான். முகம்தான் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

அஞ்சலை குட்டியை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. நனைந்த ஓரத்தைக் கிழித்து மணலுக்குள் புதைத்தாள். அடுத்த தடவை குந்துமணி தூங்கி எழுந்து, மூலை மூலையாக முகர்ந்து, வட்டம் சுற்றி, வாலைத் தூக்கியதுதான் தாமதம், அலுங்காமல் தூக்கி மணலில் விட்டாள். குட்டி தன் வாசனையைத் தானே முகர்ந்தது. ஓ, இதுதான் இடமா என்று நினைத்ததோ என்னவோ, காலால் மணலைப் பறித்தது. உட்கார்ந்தது. காரியத்தை முடித்தது. மூடியது.

"அடி என் தங்கமே!" என்று அஞ்சலை அதன் நெற்றியைத் தடவினாள்.

தின்னதும் மணல், தூங்கி எழுந்ததும் மணல், ஆடி முடிச்சதும் மணல். ஒரு வாரம் போவதற்குள் குட்டி தானாகவே தொட்டியைத் தேடிப் போக ஆரம்பித்தது. அவள் தினமும் அழுக்கு மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டாள்.

பளிங்குராயனுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் ஓடைக்குப் போன நேரம் பார்த்து மணலில் பன்னீரும் ஜவ்வாதுமாகக் கொட்டினான். திரும்பி வந்தவள் பார்த்தால், குட்டி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, மூக்கைச் சுளிக்கிறது, ஏற மாட்டேன் என்கிறது. அஞ்சலை குனிந்து முகர்ந்தாள்.

"கல்யாண வீட்டு வாசனையை இங்கே கொண்டுவந்து கொட்டினது யாரு?" மணலை அப்படியே வெளியே கொட்டினாள், தொட்டியைக் கழுவினாள், ஓடைமணலை நிரப்பினாள். குந்துமணி ஒரே தாவாகத் தாவி ஏறியது.

அடுத்த முறை அவன் தொட்டியை நகர்த்திச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். குட்டி சோற்றையும் தொடவில்லை, மணலையும் தொடவில்லை. "நீ சாப்பிடுற இடத்துல இதைச் செய்வியா?" என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு, அவள் தொட்டியைப் பழைய மூலைக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவதாக அவன் செய்ததுதான் மோசம். பௌர்ணமி அன்று பிற்பகல். குந்துமணி தொட்டியில் ஏறி, மணலைப் பறித்து, அப்போதுதான் உட்கார்ந்தது. பளிங்குராயன் புலியாக மாறி, காதுக்குப் பக்கத்தில் உறுமினான்! குட்டி பந்தாய் எகிறி ஓடி, கல் குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுக்கம்.

அஞ்சலை தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாள். குட்டி சீறியது. தொட்டியைப் பார்த்தாலே அதற்குப் புலி ஞாபகம். போகவும் வேண்டும், போக இடமும் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. மந்திரவாதி மீண்டும் மனித உருவில், கோலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, கண்கொட்டாமல் தரையையே பார்த்தான்.

அஞ்சலை நிதானமாகத்தான் வேலை செய்தாள். தன் உப்புப் பெட்டியைக் கழுவித் துடைத்தாள். புது மணலை நிரப்பி, மேலே பழைய மணல் ஒரு பிடியைத் தூவினாள். குதிரையின் காலருகே மெல்லத் தள்ளி வைத்தாள். அப்புறம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"யோவ், நீயும் அந்தப் பக்கம் திரும்பு" என்றாள்.

"நான் ஏன் திரும்ப வேண்டும்?"

"இப்படி ஒருத்தன் பக்கத்துல நின்னு முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா உனக்கு வருமா?"

பளிங்குராயன் யோசித்தான். முகம் சிவந்தது. திரும்பிக்கொண்டான்.

மாளிகையில் சத்தமே இல்லை. அஞ்சலை மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். அப்புறம், பின்னால், சரக்... சரக்... மணலைப் பறிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி சரக்... சரக்... மூடுகிற சத்தம்!

கிழக்கு ஜன்னலில் நிலா எழுந்தது. தரையில் நிலவைத் தவிர வேறு ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

"ஜெயிச்சோம்! சொன்ன சொல்லைக் காப்பாத்து" என்றாள் அஞ்சலை.

"உன்னிடமா தோற்பேன்? கல்லாய்ப் போ!" என்று கோலை அவள் பக்கம் நீட்டினான் பளிங்குராயன்.

சத்தியம் பண்ணிய கோல் அல்லவா? அவன் கையிலேயே படீரென்று இரண்டாக வெடித்தது. மாளிகை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. வளையல்காரர் தும்மினார். இடுப்புப் பிள்ளை வீரிட்டது. முத்தையன் தூக்கிய கையால் தலைமயிரை வழித்துவிட்டு, "அஞ்சலை, மழை விட்டுடுச்சா?" என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

ராஜாவின் குதிரை ஒரு தரம் கனைத்தது. எத்தனையோ வருஷமாகக் கல்லாய் நின்ற குதிரை. பாவம், அது என்ன செய்யும்? வாலைத் தூக்கி, பளிங்குத் தரையின் நட்டநடுவில், ராஜ குதிரைக்கு ஏற்ற அளவில் போட்டுவிட்டது. பளிங்குராயன் மயக்கம் போட்டு விழுந்தான்.

ராஜா கீழே இறங்கி அஞ்சலையைக் கும்பிட்டார். "தாயே, என் நாட்டில் பாதியைக் கேள், தருகிறேன்."

"நாட்டை வச்சு நான் என்ன செய்யப் போறேன், மகாராஜா? இந்த மாளிகையை எங்களுக்குக் கொடுங்க. வழிப்போக்கர் தங்குற சத்திரமா நடத்துறோம். உப்பு வியாபாரமும் இங்கேயிருந்தே பண்ணிக்கிறோம்."

அப்படியே ஆயிற்று. அஞ்சலையும் முத்தையனும் அங்கேயே அடுப்பு மூட்டினார்கள். அன்று ராத்திரி அத்தனை பேருக்கும் சுடச்சுடச் சோறு. கல்லாய் நின்றவர்கள் எல்லாம் மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றார்கள்.

மயக்கம் தெளிந்த பளிங்குராயனுக்கு மந்திரமும் இல்லை, மாளிகையும் இல்லை. ஒரு தூணில் சாய்ந்து குறுகி உட்கார்ந்திருந்தான். முத்தையன் அவன் முன்னாலும் ஓர் இலை போட்டுச் சோறு வைத்தான். அவன் தின்று முடித்ததும் குந்துமணி எங்கிருந்தோ வந்து, அவன் வெள்ளை அங்கியை முகர்ந்து, மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் வெலவெலத்துப் போனான்.

"அம்மா... இது... இங்கே..."

"பயப்படாதே. இப்பத்தான் போயிட்டு வந்துச்சு" என்றாள் அஞ்சலை.

குட்டி சுருண்டு படுத்துக் குர்ர்... குர்ர்... என்று சத்தம் போட்டது. பளிங்குராயன் ஒரு விரலால் அதன் காதைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. கால் மரத்துப்போகும் வரை அவன் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.